ஜீப்பும் பாடபேதமும்

பழைய ஜீப் ஒன்றை வாங்கிச் செப்பனிட்டுக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னால் எழுதுகிற நண்பர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு விலை கேட்கிறார்கள். சிரிப்பின் அர்த்தம் புரிகிறது. பத்து வருஷத்தில் பதினைந்து கவிதை எழுதியவன் மிச்ச நேரத்தையும் ஏன் கிரீஸிலும் மண்ணெண்ணெயிலும் கரைக்கிறான் என்பது. மேடே இல்லாத ஊரில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எதற்கு என்று இதுவரை ஒரே ஒருவர்தான் கேட்டிருக்கிறார். அவர் எழுதுகிறவர் இல்லை. லெட்சுமாங்குடியில் டீக்கடை வைத்திருப்பவர்.

நியாயமான கேள்வி. கூத்தாநல்லூரில் ஏறுவதற்கென்று இருப்பது வெண்ணாற்றுக் கரை ஒன்றுதான். அதையும் சைக்கிளில் ஏறிவிடலாம். ஆனால் எங்கள் பக்கத்துக் கஷ்டம் உயரத்தில் இல்லை, மண்ணில் இருக்கிறது. கோடையில் வாய் பிளந்து கிடக்கும் களிமண் ஐப்பசியில் நாலு மழை கண்டதும் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. இன்று தார் போடாத தெருவைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறுபது வருஷத்துக்கு முன் மழைக்காலத்தில் உள்கிராமங்களுக்குப் போக மாட்டுவண்டி உண்டு, கால் உண்டு, மூன்றாவதாக ஜீப். 1960-61இல் நாட்டில் முதலில் தேர்ந்தெடுத்த ஏழு ஜில்லாக்களில் ஒன்றாகத் தஞ்சாவூருக்குப் பாக்கேஜ் திட்டம் வந்தபோது, உரத்தைப் பற்றியும் விதையைப் பற்றியும் சொல்ல வந்தவர்கள் ஜீப்பில் வந்தார்கள். குடும்பக் கட்டுப்பாடு ஜீப்பில் வந்தது. தேர்தல் ஜீப்பில் வந்தது, கொடியும் குழாயும் கட்டிக்கொண்டு. போலீசும் அதில்தான் வந்தது. வசதியான மிராசுதார்கள் சர்க்கார் ஏலத்தில் எடுத்து வைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் ஜீப் ஓட்டிய யாரும் உல்லாசத்துக்காக ஓட்டியதாக நினைவில்லை.

எனக்கு ஆசை வந்தது வேறு வழியில். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேரைப்போல என் அத்தாவும் கப்பல் ஏறி மலாயா போனவர். ஊருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று பெயர் வந்ததே அப்படிப் போனவர்களால்தான். அவர் கொண்டுவந்தவற்றில் மிஞ்சியது ஒரு பெட்டி, ஒரு கடிகாரம், ஒரு போட்டோ. போட்டோவில் ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு லேண்ட் ரோவரின் பம்பரில் ஒரு காலை வைத்து நிற்கிறார். ஆறு வயதில் அந்த வண்டி எங்களுடையது என்று நம்பினேன். பன்னிரண்டு வயதில் கேட்டேன். எஸ்டேட் துரையுடையது என்றார். "அப்ப நீங்க?" "சும்மா நின்னேன்." அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதல் லேண்ட் ரோவரைக் காட்டினார்கள். அதே வருஷம் ஜூனில் மலாயாவில் அவசரநிலை. யுத்தம் முடிந்த இங்கிலாந்தில் எஃகு கிடைக்காததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள் என்பதையும், ஆரம்ப வண்டிகளின் வெளிர்ப்பச்சை ஆகாய விமானங்களுக்கு வாங்கி மிஞ்சிப்போன பெயிண்ட் என்பதையும் பின்னால் படித்தபோது, அத்தாவின் கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு என் மனசில் ஒரு நிறம் வந்தது. லேண்ட் ரோவர் என் கைக்கு எட்டாது. எட்டியது ஜீப்.

மன்னார்குடிக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் மாட்டுக் கொட்டகையில் நின்றது. பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால் அது இறங்கும்வரை, ஏறக்குறைய மூன்று வாரம், வண்டியை எடுக்க விடவில்லை. 1967இல் செய்த மகீந்திரா, சிஜே-3பி ரகம். கடைசியாக வைத்திருந்தவர் பந்தல் சாமான் வாடகைக்கு விடுபவர். அவருக்கு முன் ஒரு மிராசுதார். மிராசுதார் அதை 1979இல் ஒரு சர்க்கார் ஏலத்தில் எடுத்தார். எந்த இலாகா என்பது ஆர்.சி. புத்தகத்தின் முதல் தாளில் இருந்திருக்க வேண்டும். அந்தத் தாள் இல்லை. கரையான் தின்றிருந்தால் ஓரங்கள் மிஞ்சியிருக்கும். இது சுத்தமாகப் போயிருந்தது.

இந்த இடத்தில் வண்டியின் வம்சத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்துக்காக 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்தார்கள். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஆனால் ஃபோர்டு தான் செய்த சாமான்களில், போல்ட்டின் தலையில்கூட, எஃப் என்ற எழுத்தைப் பொறித்தது. இன்று உலகெங்கும் ஜீப் பைத்தியங்கள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு தேடுவது இந்த எழுத்தை. தேவை இருந்தால் சரக்கு வரும்; எஃப் பொறித்த புது போல்ட்டுகளைச் செய்து விற்கிறார்கள். புதுசாகச் செய்த அசல்! அந்த யுத்த வண்டியில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். ஹெட்லைட்டின் மறையைத் தளர்த்திப் பின்பக்கமாகத் திருப்பினால் அது எஞ்சினுக்கே வெளிச்சம் காட்டும். இருட்டில் தன் நெஞ்சைத் தானே பார்த்துக்கொள்ள முடிந்த யந்திரம் வேறு இருக்கிறதா தெரியவில்லை. என் வண்டியில் அது கிடையாது.

சுதந்திரத்தை ஒட்டி வில்லிஸ் ஜீப் பம்பாய்க்குப் பிரித்த பாகங்களாக வந்து பூட்டப்பட்டது. பூட்டிய கம்பெனி 1945இல் மகீந்திரா அண்டு முகமது என்று ஆரம்பித்தது. முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதி மந்திரி ஆனார். 1948இல் பெயர்ப்பலகை மகீந்திரா அண்டு மகீந்திரா ஆயிற்று. தேசம் பிரிந்ததன் வடு ஒரு வண்டிக் கம்பெனியின் பெயரில் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அதே 1948இல் காஷ்மீர் சண்டைக்காக லண்டன் வழியாகப் பழைய ஜீப்புகள் 2,000 வாங்க ஒப்பந்தமாகி, வந்து சேர்ந்தது 155. சென்னைத் துறைமுகத்தில் இறக்கிப் பார்த்தபோது அவை உபயோகத்துக்கு லாயக்கில்லை என்றார்கள். பாராளுமன்றத்தில் பல வருஷம் பேசி, 1955இல் விவகாரம் முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள். சுதந்திர இந்தியாவின் முதல் ஊழல் புகார் என்று புத்தகங்களில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. பழைய ஜீப் வாங்கி ஏமாறுவதில் நமக்கு நீண்ட மரபு உண்டு என்று சொல்லத்தான் இதைக் குறிப்பிட்டேன்.

என் ரகத்துக்கு நெற்றி உயரம். காரணம் எஞ்சின். உள்ளிழுக்கும் வால்வு மேலே தலையில், புகையைத் தள்ளும் வால்வு பக்கத்தில் பிளாக்கில் என்று வைத்து 2,199 சிசி எஞ்சினின் சக்தியைக் கூட்டினார்கள். எஞ்சின் உயர்ந்தது, பழைய பானெட் மூடவில்லை, பானெட்டை உயர்த்தினார்கள். அழகு பார்க்காமல் செய்த காரியம் என்பதால் முகத்தில் ஒரு திகைப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில் 1968இல் இந்த ரகத்தை நிறுத்திவிட்டார்கள். இங்கே வெகுகாலம் தொடர்ந்தது.

ஆனால் நான் வாங்கிய வண்டியில் அந்த எஞ்சின் இல்லை. பானெட்டைத் திறந்தால் மெட்டடார் வேனின் டீசல் எஞ்சின் உட்கார்ந்திருந்தது. 1973இல் அரபு நாடுகள் எண்ணெயை இறுக்கியதும் பெட்ரோல் விலை ஏறிற்று; அதற்குப் பின் வந்த வருஷங்களில் நாடு முழுக்க ஜீப்புகளின் இதயத்தை மாற்றினார்கள். எந்த இஞ்சினியரும் வரைபடம் போட்டுத் தரவில்லை. பட்டறைக்காரர்கள் கண்ணளவில் சேஸிஸை அறுத்து, தகடு வெட்டி வெல்டிங் வைத்து, கடைசல் பட்டறையில் ஒரு வளையம் கடைந்து, பிறன் வண்டியின் எஞ்சினை ஜீப்பின் கியர் பாக்ஸோடு பேச வைத்தார்கள். பெரிய வேலை அது. தமிழ்நாட்டில் அந்தத் தலைமுறை மெக்கானிக்குகளைப் பற்றி ஒரு வரியாவது யாராவது எழுதியிருக்கலாம்.

என் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கு மன்னார்குடியில் பட்டறை. அறுபது வயது. முதல் நாள் கீழே படுத்து உள்ளே போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "பாய், இது எங்க பெரிய மேஸ்திரி கை" என்றார். வெல்டிங் வைத்த தினுசில் தெரிகிறதாம். ஒருவர் கையெழுத்துப்போல. அந்த வேலை நடந்தபோது இவர் பன்னிரண்டு வயதுப் பையன், ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவர். சேஸிஸின் உள்பக்கத்தில் ஒரு இடத்தைக் காட்டினார். வெல்டிங் கோணலாக வழிந்திருந்தது. "இது மட்டும் நான் வச்சது. அடி வாங்கினேன்."

ஆகவே, டீசல் எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று நான் சொன்னபோது அவர் முகம் போன போக்கை எழுத வேண்டியதில்லை. எனக்குக் காரணம் இருந்தது. 2021இல் மத்திய சர்க்கார் பழமை வாகனங்களுக்கென்று ஒரு விதி கொண்டுவந்தது. 50 வருஷம் கடந்திருக்க வேண்டும். அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிஸ், உடம்பு, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் கூடாது. ரூ. 20,000 கட்டினால் விஏ என்ற எழுத்துகளோடு தனி எண், பத்து வருஷத்துக்கு. அந்த எண்ணோடு அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது; கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று சில காரியங்களுக்கு மட்டும். அதாவது ஓடுவதற்காகப் பிறந்த பொருள், ஓடாமல் இருக்கச் சம்மதித்தால் அசல் என்று ஒப்புக்கொள்ளப்படும். இதை எழுதும்போது கிண்டலாகத் தோன்றுகிறது. அப்போது எனக்கு அந்த இரண்டு எழுத்துகள் மீது ஆசை இருந்தது.

விதியை விட்டுத்தள்ளலாம். அசல் என்ற சொல் என்னைப் பிடித்திருந்தது என்பதே உண்மை. நாம் இலக்கியத்தில் மூலபாடம் தேடுகிற ஆட்கள். ஏட்டில் எழுதினவன் விட்ட பிழை, பின்னால் வந்தவன் செருகியது, உரைகாரன் திருத்தியது எல்லாவற்றையும் உரித்துக்கொண்டே போனால் அடியில் ஆசிரியன் கிடைப்பான் என்பது நம் நம்பிக்கை. அதே புத்தியைத்தான் இரும்பிலும் காட்டினேன். டீசல் எஞ்சின் எனக்கு இடைச்செருகல். ஆனால் உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது கிடைக்காத பாட்டுகளுக்காக எதையும் இட்டு நிரப்பவில்லை. 267, 268 இரண்டும் இன்றைக்கும் எண்ணாக மட்டும் இருக்கின்றன. என் ஆர்.சி. புத்தகத்தில் 1967 முதல் 1979 வரை அப்படித்தான் காலி. அந்தக் காலியை அப்படியே விடும் நாணயம் எனக்கு இல்லை. நிரப்பப் புறப்பட்டேன்.

புதுப்பேட்டையில் கார்புரேட்டரும் டைனமோவும் கிடைத்தன. எஞ்சினுக்குப் போடிநாயக்கனூர் வரை போனேன். அங்கே ஜீப் இன்னும் வேலைக்காரி. விடியும் முன் ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்களை அடைத்துக்கொண்டு கேரள மலை ஏறுகிறது. அந்த ஊர்க்காரர்களிடம் பழமை, அசல் என்றெல்லாம் பேசினால் நம்மை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஒரு ஷெட்டின் மூலையில், சாக்கு போர்த்தி, எண்ணெய் ஊற்றி, நான் தேடிய பெட்ரோல் எஞ்சின் இருந்தது. ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். தூக்கிப்போட மனசு வரவில்லை என்றார் சொந்தக்காரர். விற்க மனசு வந்தது.

பெரிய மேஸ்திரியின் வெல்டிங்கை மெக்கானிக்கே அறுத்தார். பையனை விட்டு அறுக்கச் சொல்லலாமே என்றேன். "வேணாம் பாய்" என்றார். அறுத்த தகடுகளை நாலையும் துடைத்து ஒரு டப்பாவில் போட்டு மேலே வைத்துக்கொண்டார். கோணல் வெல்டிங் உள்ள தகடும் அதில் உண்டு.

பெயிண்ட் சுரண்டும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். மேலே பந்தல்காரரின் வெள்ளை. அதற்கடியில் ஒரு பட்டி பார்த்த அடுக்கு, அப்புறம் மிராசுதாரின் பச்சை. பச்சைக்கடியில் கருநீலம். பானெட்டின் பக்கவாட்டில் கருநீலத்தின்மேல் வெள்ளையாக ஒரு எழுத்தின் பாதி, ஒரு வளைவு மட்டும், தெரிந்தது. மிச்சத்தை யாரோ முன்பே உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். ஒரு வளைவை வைத்துக்கொண்டு எழுத்தைச் சொல்ல முடியாது. தமிழா இங்கிலீஷா என்றுகூடச் சொல்ல முடியாது. ஆனாலும் ஒரு சந்தோஷம் வந்தது: அடித்தளத்துக்கு வந்துவிட்டேன், இதுதான் மூலம். கருநீலமே அடிக்கலாம் என்று மெக்கானிக்கிடம் சொன்னேன். அதற்குமுன் முழுக்க பிரைமர் அடித்தோம்.

பெட்ரோல் எஞ்சினோடு வண்டி முதலில் வெளியே போனது ஒரு சாயங்காலம். சாம்பல் நிறப் பிரைமர், மேல் கூண்டு கிடையாது, கண்ணாடியை மடக்கி பானெட்டின்மேல் படுக்க வைத்திருந்தோம். மெக்கானிக் பக்கத்தில். ஆற்றங்கரை ஓரமாகப் போய் ஒரு மண்பாதையில் இறங்கினோம். டீசலின் அதட்டல் இல்லை. எஞ்சின் மிருதுவாக முனகியது, அதற்கடியில், இதுவரை நான் கேட்டிராத ஒரு ஊளை, மெல்லியதாக, வேகம் கூடக் கூட ஏறி, காலை எடுத்ததும் இறங்கியது. கியரைக் கெடுத்துவிட்டோமோ என்று பயந்தேன். அவர் சிரித்தார். நாலு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி பேசுகிறது, எல்லா ஜீப்பும் இப்படித்தான் என்றார். அந்த ஊளை இத்தனை வருஷமும் வண்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. டீசல் சத்தம் அதை மூடிவைத்திருந்தது.

பாதையின் இரண்டு பக்கமும் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள். சின்ன வயதுக்காரிகள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள், ஒருத்தி செல்போனில் படம் எடுத்தாள். வரப்பில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவி எழுந்தாள். எழுபத்தைந்து, எண்பது இருக்கும். எழுந்தவள் எங்களைப் பார்க்கவில்லை. திரும்பி, வயலுக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவைப் பார்த்தாள். யாரும் வெளியே நிற்கிறார்களா என்று பார்ப்பதுபோல. பிறகுதான் எங்களைப் பார்த்தாள்.

வண்டியை நிறுத்தினேன். பயப்படுவதற்கு ஒன்றுமில்லை என்பதுபோல ஏதோ சொன்னேன். அசட்டுத்தனமான வார்த்தை. அவள் பக்கத்தில் வந்து சக்கரத்தின்மேல் கை வைத்துப் பார்த்தாள்.

"பழய ஜீப்புத் தம்பி இது. இப்ப வர்றதெல்லாம் சத்தமே வேற. ராத்திரியில இந்த ஊளை கேட்டா ஆம்பளைங்க ஆத்தங்கரைக்கு ஓடிடுவாங்க. நாங்க வெளக்க அணச்சிட்டுப் புள்ளை வாயப் பொத்திக்குவோம்."

யார் வருவார்கள் என்று கேட்டேன்.

"யாரு வந்தா என்ன? ஜீப்பு வரும்."

சங்கத்தில் சேர்ந்தது, கூலியில் அரைப்படி நெல் கூடக் கேட்டது, கொடி நட்டது என்று அந்தந்த வருஷத்துக் காரணங்களை அவள் சொல்லிக்கொண்டு போனாள், ஊர்ச் செய்தி சொல்வதுபோல. நான் படித்திருக்கிறேன். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது தெரியும். 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் ஒரு குடிசையில் 44 பேர் எரிந்து போனது தெரியும். வெண்மணி எங்கள் ஊரிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரப் பயணம். புத்தகமாகத் தெரியும். அந்த வருஷங்களுக்கு ஒரு சத்தம் இருந்தது என்பதும், அது பல்சக்கரங்கள் உராய்கிற ஒரு குறிப்பிட்ட சத்தம் என்பதும், அதை நான் போடி வரை போய்த் தேடி, காசு கொடுத்துத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறேன் என்பதும் அதுவரை தெரியாது. அவள் சொன்ன ஜீப் இந்த ஜீப்பா என்றால், அதற்கு எந்த அத்தாட்சியும் இல்லை. ஆயிரம் ஜீப்புகளுக்கு அதே ஊளை. என்னிடம் இருப்பது ஒரு காலித் தாளும் அரை எழுத்தும் மட்டும்.

மிராசுதார் காலத்து டீசல் வண்டி இதே பாதையில் பலமுறை போயிருக்கும். பந்தல் சாமான் ஏற்றிக்கொண்டு அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கே போயிருக்கும். அப்போது அவள் எழுந்து நின்றிருக்கமாட்டாள். வேனோ டிராக்டரோ என்று குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்திருப்பாள். பெரிய மேஸ்திரி பெட்ரோல் காசு மிச்சம் பிடிக்கச் செய்த காரியம், அவர் உத்தேசிக்காமலே, அந்த ஊளையை நாற்பது வருஷம் வாயடைத்து வைத்திருந்தது. நான் இடைச்செருகல் என்று அறுத்தெறிந்தது அதைத்தான்.

திரும்பி வரும்போது மெக்கானிக் ஒன்றும் பேசவில்லை. அவருக்கும் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருந்திருக்கலாம். அவர் எந்தத் தெரு என்று நான் கேட்டதில்லை. இத்தனை மாதம் கூடவே இருந்தும் கேட்கவில்லை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கேட்கவும் கூச்சமாக இருந்தது. இடையில் ஒரு தடவை கியரை இறக்கி, மெதுவாக ஓட்டச் சொன்னார். மெதுவாக ஓட்டினால் ஊளை குறைகிறது.

விஏ எண்ணுக்கான விண்ணப்பம் பூர்த்தி செய்யாமல் மேஜையில் கிடக்கிறது. வண்டியின் நிறம் என்ற கட்டம் வரைக்கும் எழுதியிருக்கிறேன். டீசல் எஞ்சின் பட்டறையின் பின்கட்டில் இருக்கிறது. அதைத் திரும்ப மாட்டச் சொல்லலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அப்படிச் செய்தால் அது நடந்ததை மறைப்பதா, அல்லது நடந்தவற்றில் ஒன்றை அதன் இடத்தில் வைப்பதா என்று எனக்கு நிச்சயமில்லை. அறுத்த தகடுகளை மறுபடி வெல்டிங் வைத்தால் அது பெரிய மேஸ்திரியின் கையாக இருக்காது என்றும் தெரிகிறது. அத்தாவின் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். துரையின் வண்டிமேல் கால் வைத்து நிற்கிறார். அந்த வண்டியின் சத்தம் கேட்டு ரப்பர் தோட்டத்து லயத்தில் யார் யார் விளக்கை அணைத்தார்கள் என்று அவரிடம் கேட்டிருக்கலாம். அவர் போய் இருபது வருஷம் ஆயிற்று.

ஐப்பசி பிறந்துவிட்டது. நேற்று மெக்கானிக் போன் செய்தார். "பாய், ரெண்டு நாளா மழை சாரல் ஷெட்டுக்குள்ள அடிக்குது. பிரைமர் தண்ணி குடிச்சா அடியில துரு ஏறிடும். ஏதாவது ஒரு கலர் சொல்லுங்க."